சீர்வரிசையில் வந்த பல்லி

பல்லிக்கு விஷம் ஏறாது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, நானே யோசித்துக் கண்டுபிடித்தது. சாம்பாரில் பல்லி விழுந்தால் அண்டாவோடு கவிழ்க்கிறார்கள். கல்யாண வீட்டுப் பாயசத்தில் விழுந்தால் மாப்பிள்ளை வீட்டாரையே வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். அப்படியென்றால் பல்லிதானே விஷம்? விஷத்துக்குப் போய் எவனாவது விஷம் வைக்க முடியுமா? கல்யாணம் ஆகும்வரை இந்த ஞானத்தால் எனக்கு ஒரு நஷ்டமும் வரவில்லை. அதற்குப் பிறகு வந்தது. ஏனென்றால் என் மனைவி சீர்வரிசையோடு ஒரு பல்லியையும் கொண்டுவந்தாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூரில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தேன். வேலை ஒரு பிரஸ் ஷாப்பில். தகடு உள்ளே போகும், வாஷராக வெளியே வரும். நடுவில் என் விரல் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் எனக்குத் தெரிந்த தொழில். மாமியார் ஊரான வேப்பம்பட்டிலிருந்து வந்த டெம்போவில் பீரோ இறங்கியது, கட்டில் இறங்கியது, கிரைண்டரை மூன்று பேர் திட்டிக்கொண்டே இறக்கினார்கள். கடைசியில் புதுப்பெண் இறங்கினாள். மடியில் வைத்துக்கொண்டே வந்த ஒரு கண்ணாடித் தொட்டியை யாரிடமும் கொடுக்கவில்லை. மீன் தொட்டி மாதிரிதான் இருந்தது. ஆனால் தண்ணீர் இல்லை, மேலே கொசுவலை கட்டியிருந்தது.

“மீன் வழியிலயே செத்துப்போச்சா?” என்று துக்கம் விசாரித்தேன்.

“மீன் இல்லீங்க. பல்லி,” என்றாள்.

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் கல்யாணத்துக்கு முன்பு அவள் லேப் அசிஸ்டென்டாக இருந்தாள். அலமாரியை நகர்த்தித் துடைத்தபோது சுண்ணாம்பு உருண்டை மாதிரி ஒரு முட்டை கிடைத்திருக்கிறது. தீப்பெட்டியில் பஞ்சு வைத்து அதில் போட்டு வைத்தாள். அது பொரிந்து வந்தது இது. நம் வீட்டு டியூப்லைட்டுக்குப் பின்னால் குடியிருக்கிற அதே சாதாரணப் பல்லிதான், விசேஷமாக ஒன்றும் இல்லை. அவள் கை பட்டால் ஓடாது என்பது ஒன்றுதான் விசேஷம். என் கை பட்டால் வாலைக் கழற்றி வீசிவிடுகிற மாதிரி ஒரு பார்வை பார்க்கும்.

என் சொந்தக்காரர்கள் பெண்ணைப் பார்க்க வந்ததைவிடப் பல்லியைப் பார்க்கத்தான் அதிகம் வந்தார்கள். எந்தத் திசையில் பல்லி சொன்னால் என்ன பலன் என்று அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் நாலு பக்கமும் கண்ணாடியாக இருந்தால் எந்தப் பக்கம் நின்று கேட்பது? குழம்பிப்போய்க் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

அதற்குத் தீனி போடுவது எங்கள் வீட்டில் பூஜை மாதிரி நடந்தது. மாடிப்படிக்குக் கீழே மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி. அதற்குள் முட்டை அட்டைகள், கேரட் துண்டு, கொஞ்சம் தவிடு, இண்டு இடுக்கெல்லாம் சுவர்க்கோழிகள். பொழுது சாய்ந்தால் சுவர் ஓட்டையில் உட்கார்ந்துகொண்டு காதைக் குடையுமே, அந்தப் பூச்சிதான். அவற்றுக்கு முதலில் இவள் நன்றாகத் தீனி போடுவாள். பிறகு அவற்றையே தீனியாகப் போடுவாள். “பூச்சி வயித்துல இன்னா கீதோ அதான பல்லி வயித்துக்குப் போவும்?” என்பாள். என் மதியச் சாப்பாட்டைப் பற்றி அவ்வளவு தூரம் யோசித்தாளா என்று கேட்கத் தோன்றியது. புதுசு என்பதால் அடக்கிக்கொண்டேன்.

பூச்சியின் அளவு பல்லியின் இரண்டு கண்ணுக்கும் நடுவில் இருக்கிற இடத்தைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது என்றாள். மறுநாளே ஷாப்பிலிருந்து வெர்னியர் காலிப்பரை டிபன் பாக்ஸில் மறைத்துக் கொண்டுவந்து பல்லியின் நெற்றியை அளக்கப் பார்த்தேன். என் திறமையை அவள் மெச்சுவாள் என்று எதிர்பார்த்தேன். வெர்னியரைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

“தின்னாத பூச்சிய உள்ளயே உட்றாதீங்க. பல்லி அசந்து கெடக்கும்போது சுவர்க்கோழி அதக் கடிக்கும்.”

“தீனி ஆளக் கடிக்குமா?”

“கடிக்கும். காலெல்லாம் புண்ணாப் பூடும். அப்பறம், மருந்து பட்ட பூச்சி மட்டும் போடவே கூடாது.”

முதல் பாதியை மனப்பாடம் செய்தேன். இரண்டாம் பாதிக்கு மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். விஷத்துக்கு விஷமா? அவள் கல்லூரியில் வேலை பார்த்தவள்தான், ஆனால் சாம்பார் அண்டா விஷயத்தை இந்தக் கோணத்தில் யோசித்திருக்க மாட்டாள் பாவம்.

அதற்குள் ஆடி வந்துவிட்டது. கல்யாணமான முதல் வருஷத்து ஆடி என்றால் தெரியும்தானே. பெண்ணை அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். மாப்பிள்ளை அந்தத் தெருப் பக்கம் தலைகாட்டக் கூடாது. காட்டினால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், ஊர் சிரிக்கும். மாமியார் வெற்றிலைத் தட்டோடு வந்து பெண்ணை அழைத்தார். பெண் தொட்டியைத் தூக்கினாள்.

“அந்தக் கண்ணாடிப் பொட்டி எங்கூட்டு வாசப்படி ஏறக்கூடாது,” என்றார் மாமியார். “உன்னக் கட்டிக் குடுத்தப்பவே அத்தயும் சேத்துத்தான் கட்டிக் குடுத்தாச்சு.”

படி இறங்கும்போது என் மனைவி திரும்பி நின்றாள். “கிரைண்டர் ரிப்பேர் ஆனா பரவால்ல. பீரோல கோடு உழுந்தாலும் பரவால்ல. இத்த மட்டும் பாத்துக்கங்க. நான் வளத்தது இது ஒண்ணுதான்.”

கல்யாணத்துக்குப் பிறகு என்னை நம்பி அவள் ஒப்படைத்த முதல் பொருள் அது. தலையை ரொம்பப் பெரிதாக ஆட்டினேன்.

முதலில் வாளி போனது. அவள் சுவர்க்கோழிகளுக்கு ஈரப் பஞ்சு மட்டும்தான் வைப்பாள். எனக்கு அது கஞ்சத்தனமாகப் பட்டது. விருந்தாளி மாதிரி இருக்கட்டும் என்று சாப்பாட்டுக் கிண்ணம் நிறையத் தண்ணீர் ஊற்றி உள்ளே வைத்தேன். காலையில் பார்த்தால் அத்தனையும் கிண்ணத்தில் மிதந்தன. குளிக்கப் போன இடத்தில் கூட்டமாகச் செத்திருந்தன. பல்லிக்கு ஒன்று மிச்சமில்லை.

அன்று சாயங்காலத்திலிருந்து பூச்சி வேட்டை. மொட்டை மாடியில் வேட்டியை விரித்து மேலே பல்பை எரியவிட்டேன். பூச்சிகள் வந்தன. நான் குனிந்தபோதெல்லாம் போயின. ஒரு தத்துக்கிளியைத் துரத்திக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தவழ்ந்துகொண்டிருந்தபோது கீழ் வீட்டு ஓனரம்மா வடகம் எடுக்க மேலே வந்துவிட்டார்.

“இன்னா தம்பி, பொண்டாட்டி ஊர்ல இல்லன்னா இப்படியா ஆவாங்க மனுசங்க?”

“பல்லிக்குப் பசிக்குதும்மா.”

“உனுக்கு?” என்றார்.

இரண்டு மூன்று நாள் அகப்பட்டதை வைத்து ஓட்டினேன். பல்லி மெலிகிற மாதிரி எனக்குப் பட்டது. அதற்குப் பட்டதோ என்னவோ தெரியாது. அப்போதுதான் தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டது. கொசு மருந்து வண்டி. டர்ரென்று இரைந்துகொண்டு வெள்ளைப் புகையைக் கக்கியபடி ஊர்ந்து வந்தது. வீடுகளெல்லாம் ஜன்னலைச் சாத்தின. நானும் சாத்தினேன். புகை கலைந்ததும் கதவைத் திறந்தால், தெருவிளக்கின் கீழே, மாடிப்படியில், கைப்பிடிச் சுவரின் மேல், வானத்திலிருந்து யாரோ அட்சதை போட்ட மாதிரிப் பூச்சிகள்! ஓடவில்லை, பறக்கவில்லை. மல்லாந்து படுத்துக் காலை மட்டும் உதறிக்கொண்டிருந்தன. முறத்தில் வாரலாம் போலிருந்தது.

ஒரு கணம் மருந்து பட்ட பூச்சி என்று அவள் குரல் கேட்டது. அடுத்த கணமே சாம்பார் அண்டா குறுக்கே வந்து அதை மறைத்தது.

வாரவில்லை, பொறுக்கினேன். அளவு பார்த்துத்தான். எனக்கும் ஒழுக்கம் உண்டு. ஒரு தத்துக்கிளி, இரண்டு அந்துப்பூச்சி, ஒரு பழுப்பு வண்டு. கொசுவலையின் ஒரு மூலையை அவிழ்த்து நாலையும் உள்ளே போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் தொட்டி துடைத்து வைத்த மாதிரி சுத்தம். நாலையும் காணோம். “சாப்பிட்டியா கண்ணு?” என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போனேன். ஷிப்ட் முடியும்வரை விசில் அடித்துக்கொண்டிருந்ததாக ஞாபகம்.

திரும்பி வந்தபோது பல்லி தொட்டியின் அடியில் ஒரு மூலையில் கிடந்தது. நிறம் போயிருந்தது. பழுப்பாக இருந்த உடம்பு சாம்பல் பூசின மாதிரி வெளுத்துப்போய், கண்ணில் பளபளப்பே இல்லாமல். கண்ணாடியைத் தட்டினேன், நகரவில்லை. பலமாகத் தட்டினேன். ஒரு காலை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்தது.

அப்போதும் நான் பயப்படவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். விஷமாயிற்றே, தின்ற மயக்கம் என்று நினைத்தேன். பயம் மறுநாள் கேன்டீனில் வந்தது. என்னோடு பக்கத்து பிரஸ்ஸில் நிற்கிற ஆவடிக்காரனிடம் என் சித்தாந்தத்தைப் பெருமையாக விளக்கினேன். அவன் வடையை வாயிலிருந்து எடுத்துவிட்டான்.

“மாமே, பல்லிக்கு வெசம் ஏறாதுன்னு உனுக்கு எவன் சொன்னான்?”

“நானே கண்டுபிடிச்சேன்.”

“அதான பாத்தேன். எங்கூட்ல கரப்பானுக்கு மருந்து வெச்சா கரப்பான் ஓடிப்பூடும். மறுநாளு பல்லிதான் மல்லாக்கக் கெடக்கும்.” வடையை மறுபடி வாயில் வைத்துக்கொண்டு, “பல்லியக் கொன்னா பாவம் வேற. காஞ்சிபுரம் போயி, பெருமாள் கோயில்ல தங்கப் பல்லியத் தொட்டுட்டு வந்துரு,” என்றான்.

“இன்னும் சாவலடா.”

“அப்ப அட்வான்ஸா தொட்டுக்க.”

அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினேன். ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவி, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, பல்லியை எப்படி அதற்குள் அனுப்புவது என்று தொட்டிக்கு முன்னால் நின்று வேர்த்துக்கொண்டிருந்தேன். வால் விழுந்துவிட்டால்? கடித்துவிட்டால்? கடைசியில் ஒரு காலண்டர் அட்டையை நீட்டினேன். ஓடும், குதிக்கும் என்று நினைத்தால், அது சும்மா அட்டைமேல் கிடந்தது. சரித்தேன், சரிந்து உள்ளே விழுந்தது. கடித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பூந்தமல்லியில் ஒரு மாட்டு ஆஸ்பத்திரி இருப்பது தெரியும். பஸ் பிடித்துப் போனேன். எனக்கு முன்னால் ஓர் எருமை, அதற்கு முன்னால் கால் ஒடிந்த ஓர் ஆடு. எருமைக்காரர் என் பாட்டிலைக் குனிந்து பார்த்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். டாக்டர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“இது உங்க பல்லியா?”

“ஆமா சார். சீர்வரிசைல வந்தது.”

மருந்து வண்டி விவகாரத்தை ஒப்பித்தேன். அவர் சிரிக்கவில்லை, நல்ல மனுஷன். “எங்கிட்ட இருக்கிற ஊசி இதைவிட நீளம்பா. மாட்டுக்குப் பார்க்கச் சொல்லு, ஆட்டுக்குப் பார்க்கச் சொல்லு. இதுக்கு எனக்கு ஒண்ணும் தெரியாது. வளர்த்தவங்களைக் கேளு,” என்று பாட்டிலை என் கையில் வைத்தார்.

பஸ் ஸ்டாண்டில் காஞ்சிபுரம் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. “காஞ்சிவரம்! காஞ்சிவரம்!” என்று கண்டக்டர் என்னைப் பார்த்தே கத்துகிற மாதிரி இருந்தது. ஒரு காலைப் படியில் வைத்தேன். செத்த பிறகு தொட்டால் பரிகாரம், சரி. சாவதற்கு முன்னாலேயே தொட்டால், செத்துக்கோ என்று சம்மதம் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா? காலை எடுத்துக்கொண்டேன். பஸ் நசரத்பேட்டைப் பக்கம் திரும்பிப் போனது. நான் ஆவடி பஸ்ஸில் ஏறி, ஆவடியில் ரயில் பிடித்து, ஆடி மாதம் என்று தெரிந்தும் வேப்பம்பட்டில் இறங்கினேன்.

என் நேரம், அன்றைக்கு அவர்கள் தெரு அம்மன் கோவிலில் கூழ் ஊற்றுகிறார்கள். தெருவே குண்டானும் சொம்புமாக வரிசையில் நிற்கிறது. பாட்டிலைச் சட்டைக்குள் மறைத்தேன். அது இன்னும் சந்தேகமாகத் தெரியவே வெளியே எடுத்தேன்.

“ஐயே, மாப்ள வந்துகீறார்டி!”

“ஆடி பாதிகூடப் போவல. அதுக்குள்ள தாங்கலியா மாப்ள?”

“கூழ் குடிக்க வந்தேன்,” என்றேன்.

“அம்பத்தூர்ல கூழே ஊத்தலியா? அது இன்னா கைல பாட்டிலு?”

“ஊறுகா,” என்று வாயில் வந்துவிட்டது. “கூழுக்குத் தொட்டுக்க.”

“கொஞ்சம் குடுங்க மாப்ள, பாப்போம்,” என்று ஓர் அம்மாள் சொம்பை நீட்டியதும் நடையை ஓட்டமாக மாற்றினேன். தெருமுனைவரை சிரிப்புச் சத்தம் கூடவே வந்தது.

மாமியார் வாசலில் கோலம் மிதிபடாமல் என்னை நிறுத்தினார். “மாப்ள... ஆடி,” என்றார். என் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். முதலில் முகம் மலர்ந்தது. அது எனக்காக என்றுதான் இன்றுவரை நம்புகிறேன். பிறகு பாட்டிலைப் பார்த்தாள்.

வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வாளி, கிண்ணம், மருந்து வண்டி, சாம்பார் அண்டா. சாம்பார் அண்டாவுக்குச் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

“தின்னுச்சா? கண்ணால பாத்தீங்களா?”

“பாக்கல. காலைல காணோம்.”

“பூச்சி அசைஞ்சிச்சா?”

“ஏன்?”

“அசையாத பூச்சியப் பல்லி சீந்தாது. சும்மா கெடந்திச்சுன்னா பயமில்ல. அசைஞ்சிச்சா?”

பொய் சொல்லியிருக்கலாம். “காலை உதறிக்கினு இருந்துச்சு,” என்றேன். அவள் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச வெளிச்சமும் போய்விட்டது.

“தோல் உரிக்கறதுக்கு முன்னாடியும் இப்பிடித்தான் வெளுக்கும். சாப்பிடாது, நவுராது. மருந்து தின்னாலும் இப்பிடித்தான் கெடக்கும். பாத்தா ரெண்டும் ஒரே மாரிதான் இருக்கும்.”

“அப்ப இன்னா பண்ணறது?”

“ஒண்ணும் பண்ண முடியாது.”

பாட்டிலுக்குள் ரெண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்து, ஈரத் துணித் துண்டு ஒன்றை மெல்ல நுழைத்தாள். பேசுவதற்கு என்னிடம் எப்போதும் ஒரு கோமாளித்தனம் கையிருப்பு இருக்கும். அன்று தேடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. திட்டினால் தேவலை என்று நின்றேன். திட்டவில்லை. மாமியார் தூரத்திலிருந்து பாட்டிலைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். பழைய கூடை ஒன்றைக் கொண்டுவந்து கல்லின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். பாட்டிலின்மேல் கவிழ்த்துவைக்க. வாசப்படி ஏறக்கூடாது என்றுதானே சொல்லியிருந்தார், கொல்லைக்கு அந்தச் சட்டம் இல்லை போலும்.

“நீங்க கெளம்புங்க. இருட்டறதுக்குள்ள,” என்றாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

ரயிலில் வழியெல்லாம் வெறும் கையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. வேறு எதுவும் செய்ய வழியில்லாத ஆண்பிள்ளை செய்கிற வேலையைச் செய்தேன், எதையாவது கழுவலாம் என்று முடிவு செய்தேன். பீரோவுக்குப் பக்கத்து மேஜையிலிருந்து தொட்டியைத் தூக்கினேன்.

நான் அவிழ்த்த கொசுவலை மூலையைத் திரும்பக் கட்டவே இல்லை. அந்த மூலையிலிருந்து கண்ணாடி வழியாக, மேஜைக் கால் வழியாக, பீரோவுக்குப் பின்னால் கறுப்புக் கோடு ஒன்று போயிற்று. எறும்புச் சாரை. ஆனால் கோடு நகரவில்லை. பீரோவை இழுத்தேன். கோட்டின் முடிவில் ஒரு சின்னக் குவியல். தத்துக்கிளி, இரண்டு அந்துப்பூச்சி, ஒரு பழுப்பு வண்டு. இறக்கைகளில் பாதி அரிக்கப்பட்டிருந்தது. சுற்றிலும் எறும்புகள் சுருண்டு கிடந்தன.

காலை முதல் ரயிலுக்குப் போய் நின்றேன். நாலு பூச்சியும் சட்டைப் பையில் தீப்பெட்டியில். “மறுபடியுமா மாப்ள!” என்று தெருவில் யாரோ கத்தியது முதுகில் விழுந்தது. அவள் கொல்லையில் கூடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டிலுக்குள் பழுப்பாக, பளபளவென்று, சுவரில் ஒட்டின மாதிரி நின்றது அது. வாயோரம் வெள்ளையாக ஒரு துணுக்குத் தோல் தொங்கியது.

பல்லிக்கு ஒன்றும் ஆகவில்லை. தோல்தான் உரித்தது, உரித்த தோலைத் தானே தின்றுவிட்டது. நான் போட்ட நாலு பூச்சியில் ஒன்றைக்கூட அது தொடவில்லை. அவற்றைத் தின்றவை எறும்புகள். அவை செத்தன.